மணமகளின் தோழி: அலங்காரமா, அமானிதமா?

கலியாண அழைப்பிதழில் மணமகளின் பெற்றோர் பெயர் இருக்கும். மணமகனின் பெற்றோர் பெயர் இருக்கும். மணமகளின் தோழியின் பெயர் எங்கும் இருக்காது. நிகாஹ் பதிவுப் புத்தகத்திலும் அவளுக்கு இடமில்லை. வலிகாரரும் இரண்டு சாட்சிகளும் இல்லாமல் நிகாஹ் நிறைவேறாது. தோழி இல்லாமல் நிறைவேறும். அப்படியிருந்தும், கலியாண நாள் குறிக்கப்பட்டதும் ஒரு பெண் தன் கூட்டாளியை அழைத்து, "நீ இரண்டு நாளைக்கு முன்னமே வந்து என்னோடு நிற்க வேண்டும்" என்று கேட்கிறாள். கூட்டாளியின் வீடு கொழும்பிலோ கண்டியிலோ இருக்கும். கலியாண வீடு காத்தான்குடியிலோ அக்கரைப்பற்றிலோ இருக்கும். வீடு நிறையச் சாச்சிமாரும் மாமிமாரும் இருக்கும்போது, தூரத்து ஊரிலிருந்து ஒருத்தி எதற்கு?

இக்காலத்தில் இந்தக் கேள்விக்கு எளிதான விடை ஒன்று கிடைத்துவிட்டது. ஒரே நிறத்தில் உடுத்தி, மணமகளின் இருபுறமும் நின்று படம் எடுத்துக்கொள்வதற்கு என்பதே அது. அந்த விடை தோழியின் வேலையை மிகவும் சின்னதாக்கிவிடுகிறது. தோழியாகப் போகிறவள் உண்மையில் எதற்காகப் போகிறாள், எப்படிப் போக வேண்டும், அங்கே எதைச் செய்ய வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்க முயல்கிறது. போகிற மாணவிக்கும் அனுப்புகிற பெற்றோருக்கும் இது பொதுவான விடயம்.

பழைய வழக்கம்தான்

மணமகளுக்குத் துணையாகப் பெண்கள் கூடுவது நேற்று வந்த நாகரிகமன்று. ஆயிஷா (ரழி) அவர்களை மணமகளாக ஆயத்தப்படுத்தியபோது அன்ஸாரிப் பெண்கள் வீட்டில் கூடி, நன்மையும் பரகத்தும் வேண்டி வாழ்த்தியதை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். அவரை அலங்கரித்த அஸ்மா பின்த் யஸீத் (ரழி) சொல்லும் செய்தி முஸ்னத் அஹ்மதில் உள்ளது. நபி (ஸல்) அவர்கள் ஒரு கிண்ணம் பாலை மணமகளுக்கும், பிறகு கூட வந்த பெண்களுக்கும் கொடுக்கச் செய்தார்கள். பெண்கள் கூச்சத்தால் வேண்டாம் என்றபோது, பசியையும் பொய்யையும் ஒன்றுசேர்க்க வேண்டாம் என்ற கருத்துப்பட அறிவுரை கூறினார்கள். வெளியூர் வீட்டில் உபசரிக்கும்போது வெறும் சம்பிரதாயத்துக்காக "பசிக்கவில்லை" என்று சொல்லும் நமக்கும் அதில் பாடம் இருக்கிறது.

ஆக, மணமகளை அலங்கரிப்பதும் அவளோடு மகிழ்வதும் தோழியின் வேலையில் ஒரு பாதி. அந்தப் பாதியை எப்படிச் சிக்கனமாகச் செய்வது என்பதை முதலில் பார்ப்போம்.

உடுப்பும் செலவும்

தோழிமார் ஆறு பேருக்கும் ஒரே துணி, ஒரே தையல் என்று முடிவெடுப்பது மணமகளுக்கு ஒரு நிமிட வேலை. அந்தச் செய்தி வட்ஸ்அப்பில் வந்ததும் ஆறு வீடுகளில் ஆறு விதமான கணக்குப் பார்க்கப்படுகிறது. உடுப்பு, அதற்கேற்ற செருப்பு, பயணச் செலவு, அன்பளிப்பு என்று எல்லாம் சேரும்போது ஒரு வாப்பாவின் மாதச் சம்பளத்தில் பெரும் பகுதி போய்விடலாம். "எனக்கு முடியாது" என்று சொல்ல வெட்கப்பட்டு, பரீட்சை இருப்பதாகச் சாட்டுச் சொல்லி ஒதுங்கிவிடும் பிள்ளைகளும் உண்டு. கலியாணத்தால் நட்பு பலப்பட வேண்டும். இப்படியான இடத்தில் அதே கலியாணத்தால் நட்பு அறுந்துபோகிறது.

இதற்கு மார்க்கத்திலேயே அழகான வழி இருக்கிறது. ஆயிஷா (ரழி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்களின் காலத்தில் ஐந்து திர்ஹம் பெறுமதியான ஓர் ஆடை இருந்தது. மதீனாவில் எந்தப் பெண்ணை மணமகளாக அலங்கரித்தாலும், ஆள் அனுப்பி அந்த ஆடையை இரவல் வாங்கிக்கொள்வார்கள் என்று அவரே சொன்ன செய்தி புகாரியில் இருக்கிறது. ஒரே உடுப்பு பல மணப்பெண்களை அழகுபடுத்தியது. இரவல் வாங்கியவர்களும் குறைந்துபோகவில்லை. கொடுத்தவரும் பெரியவராகத் தம்மைக் காட்டிக்கொள்ளவில்லை. மணமகளே இரவல் உடுப்பில் அமர்ந்த சமூகம் நம்முடையதாக இருக்கும்போது, தோழி தன் ராத்தாவின் சாரியைக் கட்டிக்கொண்டு போவதில் என்ன குறை?

இரவலுக்கு ஒரு பொறுப்பும் உண்டு. ஆயிஷா (ரழி) அவர்கள் தம் சகோதரி அஸ்மா (ரழி) அவர்களிடம் இரவல் வாங்கிய மாலை ஒரு பயணத்தில் தொலைந்துபோனது. அதைத் தேட நபி (ஸல்) அவர்கள் ஆள் அனுப்பினார்கள். அந்தப் பயணத்தில்தான் தயம்மும் பற்றிய வசனம் இறங்கியது. இமாம் புகாரி இந்தச் செய்தியை மணமகளுக்காக உடை முதலியவற்றை இரவல் வாங்குவது பற்றிய பாடத்திலும் சேர்த்திருக்கிறார். பிறருடைய பொருள் என்றால் தேடிக் கண்டுபிடித்துத் திருப்பிக் கொடுக்கும் அளவுக்கு அது பெறுமதியானது. கலியாண வீட்டில் நகைகளைக் கழற்றி வைக்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். எது யாருடையது என்று ஒரு தாளில் எழுதி, ஒரே பெட்டியில் வைத்து, மணமகளின் உம்மாவிடம் ஒப்படைப்பது தோழி செய்யக்கூடிய நல்ல உதவிகளில் ஒன்று.

ஒரே நிறம் வேண்டும் என்று மணமகள் விரும்பினால், நிறத்தை மட்டும் சொல்லி, துணியையும் தையலையும் ஒவ்வொருவரின் வசதிக்கு விட்டுவிடலாம். கலியாண ஊரில்தான் தைப்பது என்றால், தொலைபேசியில் அங்குலக் கணக்குச் சொல்வதைவிட, சரியாகப் பொருந்தும் பழைய சட்டை ஒன்றை அளவுச் சட்டையாக அனுப்புவது நல்லது. செலவு யாருடையது என்பதைத் துணி வெட்டுவதற்கு முன்னரே பேசிக்கொள்ள வேண்டும். பேசுவதற்கு வெட்கமாக இருந்தால் உம்மாமார் இருவரும் பேசிக்கொள்ளட்டும்.

பயணமும் தொழுகையும்

கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்குச் செல்லும் புகையிரதம் மாகோ, கல்ஓயா, பொலன்னறுவை, வாழைச்சேனை வழியாகச் செல்கிறது. ஒரு பகல் அல்லது ஓர் இரவு அதிலேயே போய்விடும். காத்தான்குடிக்கு அங்கிருந்து இன்னும் சில கிலோமீற்றர். கண்டியிலிருந்து கிழக்கே மஹியங்கனைப் பாதையால் போகிறவர்களை மலை வளைவுகள் களைப்படையச் செய்துவிடும். ஆகவே கலியாணத்தன்று காலையில் போய் இறங்குவது என்று திட்டமிடக் கூடாது. களைத்துப் போய்ச் சேரும் தோழியை மணவீட்டார் கவனிக்க வேண்டி வரும். அவள் யாரையும் கவனிக்க முடியாது. வாப்பாவோ நானாவோ கூட வருவது, எங்கே தங்குவது, திரும்புவது எப்போது என்பதெல்லாம் புறப்படும் முன்பே இரண்டு வீட்டாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

நம் நாட்டில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி, ஏறத்தாழ 80 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணத்தில் நான்கு ரகஅத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கலாம். லுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழலாம். ஸுபஹிலும் மஃரிபிலும் சுருக்கம் இல்லை. போய்ச் சேரும் நாளும் திரும்பும் நாளும் நீங்கலாக நான்கு முழு நாட்கள் தங்க நிய்யத் வைத்தால் சலுகை முடிந்துவிடும். இரண்டு நாள் கலியாணத்துக்குப் போகும் தோழிக்கு இந்தச் சலுகை பெரும்பாலும் கிடைக்கும்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தோழி பயணி, மணமகள் தன் சொந்த வீட்டில் இருப்பவள். தோழி லுஹரோடு அஸரையும் சேர்த்துத் தொழுதுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். மணமகளுக்கு அஸர் அதன் நேரத்தில் கடமையாகக் காத்திருக்கிறது. மணமகள் தொழுகையைத் தவறவிடுவது பெரும்பாலும் அலங்கார நாற்காலியில் இருக்கும்போதுதான். முகப்பூச்சு முடிந்த பிறகு வுழூச் செய்தால் கலைந்துவிடும் என்று அவளும் சொல்ல மாட்டாள், மற்றவர்களும் கேட்க மாட்டார்கள். அலங்காரம் செய்ய வருபவரிடம் முதல் நாளே நேரத்தைப் பேசி, லுஹர் தொழுத பிறகு தொடங்கி அஸருக்குள் வுழூ முறியாதபடி நேரத்தை ஒழுங்குபடுத்திக் கொடுப்பது தோழியால் முடியும். ஒரு சிநேகிதி இன்னொரு சிநேகிதிக்குச் செய்யக்கூடிய உதவிகளில் இதைவிடப் பெரியது குறைவு.

மருதோன்றி பற்றியும் ஒரு சொல். உண்மையான மருதோன்றி இலையின் நிறம் கழுவிய உடனே கருஞ்சிவப்பாகத் தெரியாது; ஒன்று இரண்டு நாட்களில்தான் அது முதிரும். ஆகவே கலியாணத்துக்கு இரண்டு நாட்களுக்கு முன் வைப்பதே பொருத்தம். இலையின் சாயம் தோலில் தங்குவதால் வுழூவுக்குத் தடையில்லை. காய்ந்த அரைப்பைத்தான் முழுமையாக அகற்ற வேண்டும். நகப்பூச்சு அப்படியல்ல, அது நீரைத் தடுக்கும். உடனே கறுப்பாகப் பிடிக்கும் என்று விற்கப்படும் "கறுப்பு மருதோன்றி"யில் பாராபினைலீன் டயமின் என்னும் தலைமயிர்ச் சாயம் கலந்திருக்கக் கூடும். அது தோலைக் கொப்பளிக்கச் செய்து தழும்பை விட்டுவிடலாம். மணமகளின் கையில் அதைப் போடவிடாமல் தடுப்பதும் தோழியின் வேலைதான்.

வேற்றூர் வழக்கம்

நம் நாட்டு முஸ்லிம்கள் எல்லோரும் ஒரே மார்க்கத்தினர். ஆனால் ஊருக்கு ஊர் கலியாண வழக்கம் வேறு. ஓர் ஊரில் மூத்த சகோதரனை "நானா" என்பார்கள். கிழக்கில் "காக்கா" என்பார்கள். கிழக்கில் கலியாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழ்வதே நீண்டகால வழக்கம். அதனால் மகள் பிறந்த நாளிலிருந்தே அவளுக்கொரு வீடு கட்ட வேண்டும் என்ற கவலை பெற்றோரைப் பிடித்துக்கொள்கிறது. வெளியூர்த் தோழி போய்த் தங்கும் அந்த வீட்டின் சுவருக்குப் பின்னால் ஒரு வாப்பாவின் வெளிநாட்டு உழைப்போ, ஓர் உம்மாவின் நகையோ இருக்கக்கூடும். அதை அறிந்தவள் "எங்கள் ஊரில் இதைவிடப் பெரிதாகச் செய்வார்கள்" என்று ஒருபோதும் சொல்ல மாட்டாள்.

பெண்கள் குரவையிடும் ஊர் உண்டு. அதை விட்டுவிட்ட ஊரும் உண்டு. சஹனில் கூடியிருந்து உண்ணும் வீடும் உண்டு. தனித்தனிக் கோப்பையில் பரிமாறும் மண்டபமும் உண்டு. முதல் நாள் வீட்டுப் பெரியவர்களைப் பார்த்து நடந்துகொண்டால் இரண்டாம் நாள் நாமும் அவ்வீட்டுப் பிள்ளையாகிவிடுவோம். விருந்துபசாரம் மூன்று நாட்கள், அதற்கு மேல் விருந்தாளி வீட்டாருக்குச் சுமையாகும்வரை தங்கக் கூடாது என்பது நபிமொழியின் கருத்து. கலியாணம் முடிந்த மறுநாள் பாத்திரம் கழுவ ஒரு கை கொடுத்துவிட்டுப் புறப்படும் தோழியை அந்த வீடு மறக்காது.

மற்றொரு விடயம் படம். பெண்கள் மட்டும் கூடியிருக்கும் இடத்தில் தலை திறந்திருக்கும். மணமகள் அலங்காரத்தோடு இருப்பாள். அந்த இடத்துப் படம் ஒன்று தோழியின் கைத்தொலைபேசியிலிருந்து வெளியேறினால், அதைத் திரும்பப் பிடிக்க முடியாது. மணமகளின் படத்தை அவள் அனுமதியின்றி எவருக்கும் அனுப்புவதில்லை என்று தோழிமார் தமக்குள் முதலே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

மறுபாதி: காது

இவ்வளவும் அலங்காரத்தோடு சேர்ந்த பாதி. மறுபாதி எவர் கண்ணுக்கும் தெரியாதது.

பெரும்பாலான நிகாஹ் பள்ளிவாசலிலோ ஆண்கள் கூடும் மண்டபத்திலோ நடைபெறுகிறது. மணமகன், வலிகாரர், சாட்சிகள், பதிவாளர் எல்லோரும் அங்கே இருப்பார்கள். மணமகள் வீட்டு அறையில் இருப்பாள். அவளுடைய வாழ்க்கை மாறும் அந்த நிமிடம் தொலைபேசி மூலமோ ஒலிபெருக்கி மூலமோதான் அவளை வந்தடைகிறது. அப்போது அவள் பக்கத்தில் இருப்பவள் தோழி. அங்கே பேச்சுத் தேவையில்லை. கையைப் பிடித்துக்கொண்டு, இருவருக்கும் பரகத் வேண்டி துஆச் செய்தால் போதும்.

அதற்கு முந்திய இரவு இன்னும் முக்கியமானது. கலியாண வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் அந்தக் கலியாணத்தில் ஒரு பங்கு உண்டு. சாச்சி பொருத்தம் பேசியிருப்பார். மாமா பணம் கொடுத்திருப்பார். ராத்தாவின் கணவர் மாப்பிள்ளையின் உறவினராக இருப்பார். மணமகளின் மனத்தில் ஒரு முள் இருந்தால், இவர்களில் யாரிடம் அதைச் சொன்னாலும் யாரையோ நோகடிக்கும். வெளியூர்த் தோழிக்கு அந்தப் பேரங்கள் எதிலும் பங்கில்லை. அதனால்தான் விளக்கணைத்த பிறகு பக்கத்துப் பாயில் படுத்திருக்கும் அவளிடம் மணமகள் வாய் திறக்கிறாள். வீடு நிறைய உறவினர் இருந்தும் தூரத்துத் தோழி ஏன் தேவைப்படுகிறாள் என்பதற்கு விடை இதுவே.

மணமகள் சொல்வது பெரும்பாலும் சாதாரணமான பயமாக இருக்கும். உம்மாவைப் பிரியும் கவலை, படிப்பைத் தொடர முடியுமா என்ற ஐயம், புது மனிதரோடு எப்படிப் பழகுவது என்ற கூச்சம் எல்லாம் இயல்பானவை. அவற்றைக் கேட்டு ஆறுதல் சொன்னால் போதும். ஆனால் "எனக்கு இந்தக் கலியாணத்தில் விருப்பமில்லை, யாரும் என்னைக் கேட்கவில்லை" என்பது வேறு. அதைப் பயத்தோடு சேர்த்துச் சிரித்து மழுப்பிவிடக் கூடாது.

பெண்ணின் சம்மதம் கேட்கப்பட வேண்டும் என்பது நபி (ஸல்) அவர்களின் தெளிவான கட்டளை. வெட்கப்படும் கன்னிப் பெண்ணின் மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளலாம் என்றும் சொல்லப்பட்டுள்ளது. ஆனால் மௌனம் விடையாவதற்கு முதலில் கேள்வி கேட்கப்பட்டிருக்க வேண்டும். மறுத்துப் பேசும் வாய்ப்பும் இருந்திருக்க வேண்டும். ஏற்கெனவே மணமானவராக இருந்த கன்ஸா பின்த் கிதாம் (ரழி) அவர்களை அவருடைய விருப்பத்துக்கு மாறாகத் தந்தை மணமுடித்துக் கொடுத்தபோது, அவர் நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டார். அந்த நிகாஹ் ரத்துச் செய்யப்பட்டது. நம் நாட்டில் 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் எழுதப்பட்டபோது, பதிவுக்கு மணமகளின் கையொப்பம் கட்டாயமாக்கப்படவில்லை. அச்சட்டத்தின் திருத்தம் பற்றி ஆராய 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் நியமிக்கப்பட்ட குழு 2018இல் தன் அறிக்கையைக் கையளித்தது. தாளில் கையொப்பம் இருக்கிறதோ இல்லையோ, மணமகளின் உள்ளத்தில் சம்மதம் இருக்க வேண்டியது மார்க்கத்தின் எதிர்பார்ப்பு.

அப்படியொரு சொல்லைக் கேட்கும் தோழி என்ன செய்ய வேண்டும்? ஊரைக் கூட்டக் கூடாது; மற்றத் தோழிமாரிடமும் சொல்லக் கூடாது. அதற்காக மறைத்தும் வைக்கக் கூடாது. "இதை யாரிடம் சொன்னால் உனக்கு நல்லது?" என்று மணமகளையே கேட்க வேண்டும். உம்மாவிடமோ, நம்பிக்கையான பெரியம்மாவிடமோ அவள் சொல்லும்போது பக்கத்தில் நிற்க வேண்டும். தோழியின் சொந்த உம்மாவும் வந்திருந்தால் அவருடைய அனுபவம் துணைபுரியும். முடிவெடுப்பது தோழியின் வேலையல்ல. மணமகளின் குரல் முடிவெடுப்பவர்களின் காதுக்குப் போய்ச் சேர்வதற்குத் துணை நிற்பதே அவள் வேலை. தண்ணீரில்லாத முகம்போல் இருந்தவள், பேசிய பிறகு தெளிந்து மனநிறைவோடு நிகாஹுக்கு இணங்குவதும் உண்டு. சொல்லக் கிடைத்ததே சிலருக்குப் போதுமானதாகிவிடுகிறது.

மஹரைப் பற்றியும் தோழிமார் தெரிந்திருப்பது நல்லது. மஹர் மணமகளுக்கு மட்டும் உரியது. அதைப் பற்றி அவளிடம் கேட்பது அநாகரிகமன்று. அதேபோல, 1951ஆம் ஆண்டுச் சட்டத்தில் கைக்கூலி என்பது மணமகளின் பயன்பாட்டுக்காக மணமகனிடம் கொடுக்கப்படும் பணம் அல்லது அசையும் பொருள். அது அவளுக்குரியதாகையால் காதி நீதிமன்றத்தில் அவள் கோரலாம். இவ்வளவு நகை, இவ்வளவு விருந்து என்று பேசும் கூட்டத்தில், "உனக்கு எவ்வளவு மஹர் எழுதுகிறார்கள் என்று தெரியுமா?" என்று கேட்கும் ஒருத்தி இருந்தால் மணமகளுக்கு அது பலமாகும்.

பெற்றோருக்கு

மகளை வெளியூர்க் கலியாணத்துக்கு அனுப்பத் தயங்குவது நியாயமே. தூரம், பாதுகாப்பு, செலவு எல்லாம் யோசிக்க வேண்டியவை. ஆனால் "படம் பிடிக்கத்தானே போகிறாள்" என்று மட்டும் எண்ணி மறுத்துவிட வேண்டாம். முடியுமானால் நீங்களும் கூடச் செல்லுங்கள். முடியாவிட்டால் மணமகளின் பெற்றோரோடு நீங்களே பேசுங்கள். உடுப்புக்குச் செலவழிக்க வசதியில்லை என்றால் அதை மகள் வெட்கமின்றிச் சொல்லப் பழக்குங்கள். இன்று ஒரு தோழிக்குக் காது கொடுத்துப் பழகிய பிள்ளை, நாளை தன் மனத்தில் உள்ளதையும் உங்களிடம் சொல்வாள்.

அல்லாஹ் ஒரு விடயத்தை நம்மிடம் ஒப்படைத்தால் அது அமானிதம். ஒருத்தி தன் வாழ்க்கையின் மிகப் பெரிய நாளுக்கு முந்திய இரவை இன்னொருத்தியின் கையில் ஒப்படைக்கிறாள்; அதுவும் அமானிதமே. தோழியாக அழைக்கப்படும் சகோதரிகளே, பெட்டியில் உடுப்பை அடுக்கும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். நகைகள் உரியவர்களிடம் திரும்பிவிட்டனவா, மணமகள் அஸர் தொழுதாளா, அவள் சொல்ல விரும்பியதைக் கேட்க ஒருத்தி இருந்தாளா என்ற மூன்று கேள்விகளுக்கும் ஆம் என்று சொல்ல முடிந்தால், நீங்கள் தோழியின் கடமையை நிறைவேற்றிவிட்டீர்கள். புதிதாக இணையும் ஒவ்வொரு தம்பதிக்கும், அவர்களுக்குத் துணை நிற்கும் ஒவ்வொரு தோழிக்கும் அல்லாஹ் பரகத் செய்வானாக.